கொள்வினை கொடுப்பினை

ஒரிஸ்தானோ மருத்துவமனையின் நிலவறை ஆய்வுக்கூடம்.
இரவு இரண்டே கால்.
பொனாரியா செக்கி
குட்டிக் கண்ணாடிக் குப்பியொன்றைத் துடைத்து
ஒளிமானிக்குள் இறக்குகிறாள்.
உள்ளே இருப்பது
ஒரு சொட்டு அந்தியோகோ.

ஆறு வயது. இரண்டாம் மாடியில் கிடக்கிறான்.
கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.
சிறுநீர் கறுந்தேநீர் நிறம்.
ஞாயிறன்று பக்கத்து வீட்டு நெவீனாவிடம்
நீலக் கோலிக்குண்டு ஒன்றைக் கொடுத்து
ஃபாவா அவரை நாலு காய் வாங்கினான்.
உரித்துப் பச்சையாகவே தின்றான்.
நியாயமான பேரம்தான். ஏப்ரலில் அந்தத் தீவில்
வேலிக்கு வேலி அவரை.

எங்கள் பள்ளிப் புத்தகத்தில்
எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம்,
பெற்றால் ஒடுக்கம்.
பரீட்சைக்கு முந்தின இரவில் எத்தனை தடவை
மாற்றி எழுதி அழித்திருப்பேன்!
கொடுத்தவன் ஏறுகிறான், வாங்கியவன் ஒடுங்குகிறான்:
கடன்பட்ட எவனைக் கேட்டாலும்
சரிதான் என்பான்.

அரைவினை என்று ஒன்றைத் தாளில் எழுதலாம்.
தாளுக்கு வெளியே அது தனியாக நடக்காது.
இந்தக் கை நீளும்போதே
எதிர்க்கை விரிந்திருக்க வேண்டும்.
எலக்ட்ரானுக்கு
நடுவழியில் சத்திரம் கிடையாது.

சிவப்பணுவுக்குள்ளும் அப்படித்தான்.
சர்க்கரை கொடுக்கும்,
ஒரு நொதி தரகு பார்க்கும்,
என்ஏடிபி வாங்கி ஒடுங்கி
அடுத்த வாசலில் குளூட்டாதயோனிடம் சேர்க்கும்.
அது போய்
பெராக்சைடின் வாயில் போட்டு
வெறும் தண்ணீராக்கிவிடும்.
யாருக்கும் தெரியாமல், வாழ்நாள் முழுக்க.

அவரைக்குள் இருந்த ஏதோ ஒன்று
பெராக்சைடைக் கூட்டமாகக் கூட்டிவந்தது.
வாங்குவதற்கு வாசலெல்லாம் ஆளிருந்தது.
தரகன் வரவில்லை.

முந்நூற்று நாற்பது நானோமீட்டர்:
நம் கண்ணுக்கு எட்டாத ஒளி.
ஒடுங்கிய என்ஏடிபி அதைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க
எண் ஏற வேண்டும்.
0.112
0.112
0.113
பொனாரியா மருந்துப் பாட்டிலின் தேதியைப் பார்க்கிறாள்.
இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.
மூடியை முகர்ந்து பார்க்கிறாள், எதற்கென்று தெரியாமல்.
பிறகு கையுறையைக் கழற்றி
விரலில் குத்தி, கரைத்து,
தன்னையே ஒரு சொட்டு இறக்குகிறாள்.
0.118
0.171
0.226
சந்தை நாளில் பஸ்ஸுக்குள் கூட்டம் ஏறுவதுபோல்
ஏறிக்கொண்டே போகிறது.
தன் இரத்தம் சரியாயிருப்பதற்காக
ஒருத்தி நாற்காலியில் தொப்பென்று உட்கார்வதை
அந்த இயந்திரம் அன்றுதான் பார்த்திருக்கும்.

மேலே கிராத்ஸியெட்டாவிடம் மருத்துவர் சொல்கிறார்:
பிறவியிலேயே உள்ளது. தாய்வழி.
“நானா கொடுத்தேன்?”
“உங்களிடம் இரண்டு பிரதி, ஒன்று பழுது. 
பழுதானது அவனுக்குப் போயிற்று.
அவனுக்கு வேறு பிரதி இல்லை.”
அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள்.
கொடுப்பினை என்று என் மொழியில் ஒரு சொல் உண்டு,
அதிர்ஷ்டம் என்றும் அதற்குப் பொருள்.
நல்லவேளை, அவளுக்கு என் மொழி தெரியாது.

மருத்துவர் தேற்றத்தான் பார்த்தார்:
சதுப்பு வற்றாத காலத்தில்
இந்தக் குறை இருந்தவர்களை
மலேரியா அதிகம் கொன்றதில்லை, அம்மா.
“இப்போது சதுப்பு எங்கே இருக்கிறது?”
என்று கேட்டாள் அவள்.

விடியும் நேரத்தில் ஒரு பை இரத்தம்,
காலியாரியில் யாரோ கொடுத்தது,
சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறங்கியது.

வியாழக்கிழமை நெவீனா வந்தாள்.
கோலியைத் திருப்பிக் கொடு என்று
வீட்டில் அடித்து அனுப்பியிருந்தார்கள்.
கட்டிலோரம் நின்று நீட்டினாள்.
அவன் கையை விரிக்கவில்லை.
“வேணாம். காயை நான் தின்னுட்டேன்ல.”
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணியடித்தும்
அவள் போகவில்லை.
நீட்டிய கை நீட்டியபடி.
அதில் நீலமாக ஒன்று,
யாருடையதும் அல்லாமல்.