புள்ளி நீங்கலாக

தாள் வேண்டாம், கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார்கள்.
பின்னணி இருக்கக் கூடாது.
நாளை காலை பத்துக்குள்.

செம்பூர், இரவு பதினொன்றரை.
ஹார்பர் லைன் வண்டி ஒன்று
ஜன்னல் கம்பியை லேசாக அதிரவைத்துப் போகிறது.
சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து
அலர் என்று எழுதுகிறேன்.
பத்தாம் வகுப்பிலிருந்து இதே மூன்றெழுத்து.
அலர்மேல்மங்கையில் மிச்சத்தை
எந்தப் படிவத்தின் கட்டமும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஏழு முறை போட்டேன்.
முதலாவது, வங்கிக் காசோலையில் போடுவதுபோலப் பயந்திருந்தது.
மூன்றாவது, யாரோ என்னைப்போலப் போட முயன்றது.
ஏழாவதைப் போடும்போது
கொண்டைக்கடலை ஊறவைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
அதுதான் நான்.

படம் பிடிக்கப் போனால் தாளின் மேல் என் தலை நிழல்.
ஒதுங்கி நின்றால் கையின் நிழல்.
கடைசியில் குளியலறையில்
வாஷிங் மெஷின் மூடிமேல் வைத்து எடுத்தேன்.
வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான்,
இத்தனை வருஷம் தெரியவில்லை.

எதை நீக்க, என்று கேட்டது செயலி.
வெள்ளையை.
வெள்ளை போகவில்லை. மழை ஊறிய சுவராகத்
திட்டுத் திட்டாகச் சாம்பல் நின்றது.
கோட்டின் மேல் இருந்த உருண்டையை வலப்பக்கம் தள்ளினேன்.
தாள் கரைந்தது. தாளின் மடிப்பு கரைந்தது.
நீல மையின் கீழே சதுரம் சதுரமாக
வெள்ளையும் சாம்பலும்.
ஒன்றுமில்லை என்பதை
இப்படித்தான் வரைந்து காட்டுவார்களாம்.

உற்றுப் பார்த்தால்
அலர.
ரகரத்தின் தலையில் புள்ளி இல்லை.
தூசி என்று துடைத்துவிட்டது.
பெயராக இருந்தது வினையெச்சமாகி
எதற்கோ காத்து நிற்கிறது.

உருண்டையைப் பின்னால் இழுத்தால் புள்ளி வருகிறது,
கூடவே மேசையிலிருந்து ஒட்டிய மஞ்சள்தூளும் வருகிறது.
இரண்டையும் பிரித்துப் பார்க்க
அதற்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும்.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்களாம்,
ஓலை பொத்துக்கொள்ளும் என்று.
படிக்கிறவன் போட்டுக்கொள்வான் என்று ஒரு தைரியம்.
எங்கள் எச்.ஆர். தலைவர் போரிவிலி குஜராத்தி.
அவருக்கு அலர் ஒரு நீலச் சுருள்,
அலர அதே நீலச் சுருள்.
பன்னிரண்டே கால். அனுப்பிவிட்டேன்.
கடலையை மறுபடி மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம்
நூற்றுப் பதினேழு கடிதங்கள் போயின.
அப்போது நான் அந்தேரியில்
கேண்டீன் வரிசையில் டோக்கனோடு நின்றிருந்தேன்.
கையில் பேனா இல்லை.

மாலையில் பாண்டுப் கிடங்கிலிருந்து
இசக்கிராஜ் பேசினார்.
"லெட்டர் வந்துச்சு மேடம்."
கொஞ்ச நேரம் ஃபேன் ஓடும் சத்தம்.
"வருந்துகிறோம்னு கடைசி வரி இருக்குல்ல,
அதுக்கு மேலேயே உங்க கையெழுத்து விழுந்திருக்கு.
ஆனா ரெண்டும் தெளிவாத் தெரியுது."

தெரியும். தெரிய வேண்டும் என்றுதான்
நடு இரவில் உட்கார்ந்து செய்தேன்.
சொல்லவில்லை.

"புள்ளி வைக்க மறந்துட்டீங்க மேடம்.
நான் அலர்னுதான் படிச்சேன்.
எத்தனை பேருக்குப் போட்டீங்களோ,
கை வலிச்சிருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது
கேட்டில் காவலாளி பார்சல் நோட்டை நீட்டினார்.
ஃபிளாட் எண், நேரம், கையொப்பம்.
சணல் கயிற்றில் கட்டிய பேனா,
இரண்டு முறை உதறினால்தான் எழுதும்.
அலர் என்று போட்டேன்.
புள்ளியை மட்டும் நின்று அழுத்தினேன்.

அடுத்த பக்கத்தில்,
நாளைத் தேதி போட்டு அவர் கோடு கிழித்து வைத்திருந்த
காலிக் கட்டத்தில்
ஒரு சின்னக் குழி.