ஆறு சத்தம்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
முனிரத்தினம் கடை.
பலகையில் ஆறு பொத்தான்.
ஒவ்வொன்றாய் அழுத்திக் காட்டுகிறார்:
ஆம்புலன்ஸ், போலீஸ், குருவி,
கைக்குழந்தை வீறிடுவது மாதிரி ஒன்று.
எதிரே பரோட்டா அடிப்பவர்
தலை நிமிரவே இல்லை.

"எங்க தெரு எதுக்கு எழுந்திரிக்கும்?"
"எதுக்கும் எழாது மேடம்.
நீங்க எழுந்திரிக்கத்தான் இது."

நாலாயிரத்து இருநூறு.
முப்பத்தொரு தவணை பாக்கியுள்ள
பழைய ஆல்டோவுக்கு.
அதிர்வு சென்சாரை நன்றாகக் குறைக்கச் சொன்னேன்,
கிரானைட் லாரி போகிற வழி.

ராத்திரி இரண்டேகால்.
கல் ஏற்றிய லாரி ஒன்று
முனையில் திரும்ப
தெருவில் நின்ற எல்லா வண்டிகளும் அலறின,
என்னுடையதைத் தவிர.

சாவி எடுக்கவில்லை, செருப்பும் இல்லை,
ஓடினேன்
இருக்கிறதா என்று.