குதிகால்

மூன்றாம் நாள் காலை. பொரளையில் மழை.
ஈரக் குடைகளின் மணம் வார்டுக்குள் ஏறியிருந்தது.
தட்டை என் கண்ணில் படாமல் பின்னால் வைத்துவிட்டு
"கிரி தென்ன" என்றா நேர்ஸ் இனோகா.
பால் கொடு.
எனக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொல்லில்
நல்லவேளை அதுவும் ஒன்று.

பொத்தானைக் கழற்றி
வெறும் மார்போடு அவனைச் சேர்த்தேன்.
பால் என்று சொல்ல இன்னும் வரவில்லை,
மஞ்சளாய்ச் சில சொட்டு.
பிடித்தான். விட்டான். தும்மினான்.
மறுபடி பிடித்தான்.

இனோகா காத்திருந்தா.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவன் தாடையைப் பார்த்தா.
பாக்குக் கொட்டையளவு குதிகால்
அவவின் உள்ளங்கையில் சூடேறிக்கொண்டிருந்தது.

பிறகு குத்தினா.

கால்விரல் ஐந்தும் விரிந்தன.
அழுகை தொண்டைவரை வந்தது;
அங்கே பால் இருந்தது.

தாளில் நாலு வட்டம் நிரப்ப வேண்டும்.
மூன்றாவதில் கொஞ்சம் அழுதான்,
பொய் சொல்லக்கூடாது.
நாலாவதில் உறிஞ்ச மறந்து, நினைத்து, உறிஞ்சினான்.

முந்தாநாள் எனக்குத் தையல் போட்டபோது
"அசையாதே" என்றார்கள்.
அசையாமல் கிடந்தேன்,
சுவரில் பல்லி ஒன்றை எண்ணியபடி.
ஒன்றுதான் இருந்தது. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அவன் வாய் நழுவித் தூங்கிப்போனான்.
அப்போதுதான் எனக்கு வந்தது,
மூன்று நாள் பிந்தி, மூக்கு ஒழுக.

இனோகா ஒரு கையால்
அவன் காலில் பஞ்சை அழுத்தியபடி
மற்றதை என் கணுக்காலில் வைத்தா.
அடுத்த கட்டில் பிள்ளை அவவுக்காக வீறிட்டது.
எடுக்கவில்லை.
"நோகுதா?" என்றா,
தமிழில்.