ஐந்தாவது வரி

உன்னைப் பற்றி ஒரு தாளில் நான்கே வரி கொடுத்தார்கள்.
வயது இருபத்தாறு.
ரத்தம் ஓ பாசிட்டிவ்.
முடி பழுப்பு.
கண் பச்சை கலந்த பழுப்பு.
இன்னும் ஒரு வரி இருந்திருக்கலாம்:
சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாயா,
வாங்கின கடனை மறந்துவிடுவாயா.
சட்டம் அவ்வளவுதான், என்றார் டாக்டர் மிராயெஸ்.

அலிகாண்டேயில் பதினோரு நாள்.
எய்விண்ட் ஹோட்டல் அறையில் தூங்கித் தீர்த்தான்.
நான் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்
பெண் பார்க்க வந்தவளைப் போல.
இவளா?
ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாளே, அவளா?
மருந்துக் கடையில் சில்லறை எண்ணியவளா?
அவள்தான் நீ என்றால்
அந்த ஆயிரத்துச் சொச்சம் யூரோவில் என்ன செய்தாய்,
வாடகையா, பல்லா?
படிவத்தில் தானம் என்று போட்டிருந்தது.
பத்து நாள் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவள் நீ.
என் வயிற்றுக்கு மாத்திரைதான்;
எட்டு மில்லிமீட்டர் மெத்தை விரித்துக்கொண்டு
விருந்தாளிக்குக் காத்திருந்தது.

உன் முட்டை எட்டு. கருவானது மூன்று.
தங்கியது ஒன்று.

படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டரில் ரன்வெய்க் சொன்னாள்:
மூக்கு அப்படியே உன் மூக்கு!
நான் மறுக்கவில்லை.
அன்றிரவு தூங்கவும் இல்லை.

சுன்னிவாவிடம் எப்போதோ சொல்லிவிட்டோம்.
அந்த அக்காகிட்ட இன்னும் முட்டை இருக்கா, என்று கேட்டாள்.
இருக்கும், என்றேன்.
சரி, என்று போய் பூட்ஸைத் தேட ஆரம்பித்தாள்.

நவம்பர் கடைசியில் ட்ரோம்சோவை விட்டு சூரியன் போய்விடும்.
ஜனவரியில் ஒருநாள் மலைக்குப் பின்னாலிருந்து
கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும்.
அன்று ஊரே ஜாம் வைத்த பன் தின்னும்.
இந்த வருஷம் மேகம் இல்லை.
நான்கு வயது முகத்தில் வெளிச்சம் பட்டதும்
தும்மினாள்.
என் நிழலுக்குள் வந்தாள், நின்றது.
வெளியே போனாள், மறுபடி மூன்று.
வெயிலுக்குத் தும்முகிறவர்
என் வீட்டிலும் இல்லை, எய்விண்ட் வீட்டிலும் இல்லை.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் பன்னைப் பார்த்தேன்.

ஆக, இதுதான் அது.
உன் ஊரில் வருஷம் முந்நூறு நாள் வெயில்.
காலையில் கதவைத் திறந்தாலே தும்மல் வருமே உனக்கு,
பாவம்.
யாரோ நினைக்கிறார்கள் என்று
பக்கத்தில் இருப்பவர் யாராவது சொன்னால்
சிரித்து மழுப்பாதே.

அம்மா, வெயில் மூக்குல கடிக்குது, என்றாள்.
துடைத்துவிட்டேன்.
என் கையெல்லாம் ஜாம்.