ஏழு படிகள்

வாசாவில் கடல் உறைந்த மாதம்.
மேசைமேல் ஏழு நிலை இன்வெர்ட்டர்.
அலை என்கிறோம்;
திரையில் தெரிவது படிக்கட்டு.
ஏறி, உச்சியில் ஒரு மூச்சு நின்று,
அதலபாதாளம்வரை இறங்கி மீள்கிறது.
ஒவ்வொரு படி விளிம்பிலும் துடிப்புகள்,
ஒல்லியாய், பருத்து, மறுபடி ஒல்லியாய்.

இல்லாத வளைவை
மோட்டார் நம்பிவிட்டது.

சைமியின் நாய் நம்பவில்லை.
காதை மடித்துக்கொண்டு முனகியது.
எங்கள் காதுகளுக்கு மௌனம்.

ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்த
ஆறு முக்கோண அலைகளை
சைமி கலைத்தாள்;
அறுபது அறுபது பாகையாய்த்
தள்ளித் தள்ளி ஓடவிட்டாள்.
முனகல் நின்றது.

சுவிட்சுகளுக்கு வேலை கூடிச்
சூடு ஏறியது.
‘இழப்பு: நாற்பத்தொரு வாட்’
என்று குறித்துவிட்டுத் திரும்பினால்,
பெட்டியின் தகரத்தில்
முதுகை ஒட்டிக்கொண்டு
ருஸ்கா
உறங்குகிறது.