வர்ற மாதிரி இருக்கும்

மயக்கம் தெளிந்து நான் சொன்ன முதல் சொல்
"ஓரங்கட்டு."
தணிகாசலம் அண்ணன்தான் ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.
ஜெமினி பாலம் இன்னும் ஏறவில்லை,
அடிவயிறு முட்டுகிறது.

சிஸ்டர் ஜெபராணி போர்வையை இழுத்துவிட்டாள்.
"டியூப் போட்டிருக்கு, அதுவா போயிடும். எழுந்திரிக்கக் கூடாது."
"இல்லம்மா, நெஜமாவே வருது."
"வர்ற மாதிரி இருக்கும்.
உள்ள சின்ன பலூன் இருக்குல்ல, அது உறுத்தும்.
வர்றதுக்கு ஒண்ணுமில்ல."

இருபத்தொரு வருஷம் எனக்கு வந்தது.
வராத மாதிரி இருந்தேன்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்,
தண்ணீரை உதட்டில் மட்டும் நனைத்து,
டெர்மினஸில் பூட்டிய கதவுக்குச் சாவி யாரிடம் என்று
டைம்கீப்பரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு,
அதற்குள் விசில் அடிக்கிற நேரம்.
டிரைவர்கள் மதில் பக்கம் திரும்பி நின்றார்கள்.
என் பக்கம் எந்த மதிலும் திரும்பவில்லை.

இப்போது கட்டிலோரக் கொக்கியில் ஒரு பை,
என் தோல்பை மாதிரியே இடது பக்கம்.
ஜெபராணி குனிந்து கோடு பார்த்து
கலெக்‌ஷன் எழுதுகிறாள்: நானூற்று ஐம்பது.
"நல்லா வந்திருக்கு" என்கிறாள்.
இதற்காக என்னை யாரும் பாராட்டியதில்லை.

கர்ப்பப்பையை எடுத்த இடம் சும்மா கிடக்கிறது.
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இந்த ரப்பர்தான்
ராத்திரியெல்லாம் எழுப்பி எழுப்பி
இறங்கு, இறங்கு என்கிறது.
தொடையில் டேப் இழுக்கிறது என்றேன்.
அவிழ்த்து, குழாய்க்குக் கொஞ்சம் தொங்கல் விட்டு
மறுபடி ஒட்டினாள். டாக்டரைக் கேட்டு ஒரு ஊசியும்.
தணிந்தது.
இவ்வளவுதானா,
சொன்னால் போதுமா?

மறுநாள் காலை உருவினார்கள்.
"மூச்ச இழுத்து விடுங்க."
தீக்குச்சி உரசினாற்போல் ஒரு எரிச்சல்.
பாத்ரூமில் உட்காரவைத்து
குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் கேட்டால் வருமாம்.
வாளி நிரம்பியது.
எனக்கு வரவில்லை.
அடக்கத் தெரிந்த உடம்பு, விடத் தெரியவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.
என் கை இடுப்பில் விசிலைத் தேடியது.
"ஆள் இருக்கு" என்று ஜெபராணி கத்தினாள்,
"லேட்டாகும். அந்தப் பக்கம் போங்க."

அந்தக் குரலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்,
கிளம்பவேண்டிய வண்டி எதுவும் இல்லாமல்.

முதலில் ஒரு சொட்டு.