அணைக்கும் பொத்தான் இல்லை

சீனக்குடாவின் எழுபத்தோராம் தாங்கிக்குள்
இப்போது எண்ணெய் இல்லை.
ஒரு கப்பலின் நடுவயிறு இருக்கிறது.
திருக்கை என்று பெயர்.
சூட்டைக் கழற்றி வெற்றிடத்தில் வீச
இரு பக்கமும் விரித்த தட்டைச் செட்டைகள்.
செட்டை வரைந்தவர்களுக்கு மாலை போட்டார்கள்.
உந்துபொறிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.
நான் காற்று வைத்தவள்.
என்னைப் படம் எடுக்க
என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான்:
எடையில்லாத இடத்தில் சூடு மேலே போகாது,
மேலே என்று ஒன்று அங்கே இல்லை.
நீ விட்ட மூச்சு
உன் முகத்தருகிலேயே நிற்கும்,
கடன் கேட்டு வந்தவன் படலையடியில் நிற்பதுபோல.
தூங்கினால் அதையே திரும்ப இழுப்பாய்.
தொட்டி நிறைய ஒட்சிசன் இருக்கும்,
ஒரு முழம் தள்ளி நல்ல காற்று இருக்கும்,
நீ திணறிக் கிடப்பாய்.

ஆகவே விசிறி. நூற்றுப் பன்னிரண்டு.
வரைபடத்தில் எண் போடச் சொன்னார்கள்.
எண்ணும் போட்டேன்,
பக்கத்தில் பென்சிலால் பெயரும் எழுதினேன்:
முன்னறையிலிருந்து வருவது வாடை,
சமையல்கூடம் கடந்து வருவது சோழகம்,
கழிவறைப் பக்கம் இழுத்துப் போவது கச்சான்.
தலைமைப் பொறியியலாளர் வரோதயன் பார்த்துவிட்டு
"கப்பலுக்குள்ள ஏது திசை?" என்றார்.
"அதுக்காகத்தான்" என்றேன்.
அழிக்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

பிறகு நாற்பது நாள் சோதனை.
ஆறு பேரை உள்ளே விட்டுத் தாங்கியைப் பூட்டினோம்.
வெளியே வந்த நஸ்லிஹா, கிண்ணியாக்காரி, வழிகணிப்பாளர்,
முதலில் சொன்ன வார்த்தை: "இரைச்சல்."
தலைமாட்டு விசிறியின் வாயில்
இரண்டாம் நாளே கால்மேசு ஒன்றைச் சுருட்டி
அடைத்திருக்கிறாள்.
முப்பத்தெட்டு இரவும் நல்ல நித்திரை.
தலையிடிகூட இல்லையாம்.
அறிக்கை வந்தது:
ஒவ்வொரு படுக்கைக்கும் அணைக்கும் பொத்தான் தேவை.
ஆறு கையெழுத்து.

கூட்டத்தில் நான் சரியாகப் பேசவில்லை.
கோபம் வந்தால் எனக்குச் சமன்பாடு மட்டுமே வரும்.
அவளைக் காப்பாற்றியது பூமி,
அவள் மூச்சின் சூட்டை அதுதான் தூக்கிப் போனது,
வாடகை கேட்காத விசிறி அது
என்று சொல்லியிருக்கலாம்.
படிக்கட்டில் இறங்கும்போதுதான் வந்தது.

அடுத்த வியாழன்
உள்துறைமுகத்துப் பாரந்தூக்கியை
அரை மணி நேரம் இரவல் வாங்கினேன்.
கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு மெழுகுதிரி, ஒரு கமரா.
கீழே பத்து மடிப்பாய்க் கரைவலை.
நாற்பது மீற்றர். மூன்று விநாடிகூட இல்லை.
துஷ்மந்த கொக்கியை விட்டான்.
வேலியோரம் மேய்ந்த மான்கள் இரண்டு
தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன.

நஸ்லிஹா படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.
பெட்டி விழத் தொடங்கியதும்
சுடரின் கூர் போய்விட்டது.
மஞ்சள் போய்விட்டது.
திரியைச் சுற்றி நாவற்பழம் அளவில் ஒரு நீல உருண்டை,
தான் எரித்த காற்றுக்குள்ளேயே
சுருங்கி
சுருங்கி
வலை வந்து பிடித்தது.

இன்னொரு முறை ஓட்டினாள்.
"இதுதானா என்ட தலைமாடு?"
"ஓம்."

பொத்தான் வைக்கவில்லை. இதழை மாற்றினேன்.
ஏழு இதழ், ஒரே இடைவெளியில் இல்லாமல்
ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளி.
ஒற்றை ஊளை உடைந்து
இரண்டு வீடு தள்ளி ஆரோ அரிசி புடைப்பதுபோல ஆனது.
கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரே வரி:
சத்தம் நின்றால் எழும்பு.

உப்புவெளியில் மின்சாரம் போகும் இரவுகளில்
விசிறி நிற்க, நான் எழும்பிவிடுகிறேன்,
இருட்டில் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு.
ஒன்றும் ஆகாது. தெரியும்.
வியர்க்கும், அவ்வளவுதான்.

திருக்கை புறப்பட மூன்று கிழமை.
சொந்தப் பொருள் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ.
நேற்று நஸ்லிஹாவின் பட்டியல் வந்தது:
தஸ்பீஹ் மணி. பனங்கற்கண்டு.
மூக்குக்கண்ணாடி, மேலதிகமாக ஒன்று.
கால்மேசு, ஒற்றை.
காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.
நிறுத்துப் பார்த்தேன், முப்பத்தொரு கிராம்.
வலதா இடதா என்று மட்டும் கேட்டு
திருப்பி அனுப்பியிருக்கிறேன்.